தைக்க முடியாத ஷூ

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காகப் பரணில் கிடந்த ஷூவை எடுத்தேன். ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. நான்கு வருடங்களில் மிஞ்சிப்போனால் பத்து முறை போட்டிருப்பேன். மண்டபத்துக்குள் நாலு எட்டு வைத்ததும் வலது காலின் அடிப்பாகம் புட்டு மாதிரி உதிரத் தொடங்கியது. மாப்பிள்ளை அழைப்பு முடிவதற்குள் இடதும் அதே கதி. நான் போன வழியெல்லாம் கறுப்புத் துகள். துடைப்பத்துடன் பின்னாலேயே வந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் அதை எங்கள் தெருமுனைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். புங்கமரத்தடியில் ஒரு கறுப்புக் குடை, ஒரு மரப்பெட்டி, ஒரு சாக்கு, அவ்வளவுதான் கடை. ஷூவை வாங்கிக் கட்டைவிரலால் அடியை அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. “இது பஞ்சு சார். ஊசி ஏறும், நூல் நிற்காது” என்றார்.

அது பாலியூரித்தேன் என்னும் பொருள். எடை குறைவு, காலுக்கு மெத்தென்று இருக்கும், அச்சில் ஊற்றி எடுப்பதால் செலவும் குறைவு. ஆனால் காற்றில் உள்ள ஈரம் அதன் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். போடாமல் பெட்டியில் மூடிவைத்தாலும் விடாது. சென்னையின் புழுக்கத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்திரப்படுத்தி வைத்ததால் ஷூ பிழைக்கும் என்று நினைத்தது என் அறியாமை.

பழைய தோல் ஷூ வேறு சாதி. (சாதி என்ற சொல் தானாக வந்து விழுகிறது பாருங்கள். அதற்கும் வருகிறேன்.) மேல்தோலைச் சுற்றி ஒரு வாரைத் தைத்து, அந்த வாரோடு அடியைத் தைப்பார்கள். அடி தேய்ந்தால் தையலைப் பிரித்துவிட்டு வேறு அடி போடலாம், மேல்தோலுக்கு ஒன்றும் ஆகாது. இன்று கடையில் அடுக்கியிருப்பவற்றில் பெரும்பாலானவை பசையில் ஒட்டியவை, அல்லது அச்சில் வார்த்தவை. பிரித்துப் பார்க்கவே வழியில்லாத பொருளை யார் பழுது பார்ப்பது?

ஒன்றிய அரசு 2022-இல் ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையதளம் தொடங்கியது. கைபேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனம், வேளாண் கருவிகள் என்று நான்கு துறைகளை அதற்கு எடுத்துக்கொண்டார்கள். செருப்பு அதில் இல்லை. தினமும் காலில் மாட்டும் பொருளுக்கு அந்த யோக்கியதை கிடைக்கவில்லை போலும்.

பெரியவர் வேலை செய்வதை அன்று அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெண்ணின் செருப்பில் வார் அறுந்திருந்தது. அடியின் ஓரத்தைக் கத்தியால் கீறி, இரண்டு அடுக்குகளைப் பிரித்து, வார் முனையிலும் உள்பக்கத்திலும் சொல்யூஷன் தடவிவிட்டுச் சும்மா இருந்தார். “ஒட்டுங்களேன், பஸ் போய்விடும்” என்று அந்தப் பெண் பரபரத்தார். “ஈரத்தில் ஒட்டினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் தாயீ வரும்” என்றார் இவர். விரல் வைத்தால் பிசுக்கு ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் வாரைச் செருகி, இரும்புக் காலின் மேல் கவிழ்த்துச் சுத்தியலால் தட்டினார். பிறகு தையல். மெழுகில் உருவிய நூல் அடியில் காத்திருக்கிறது. குத்தூசி மேலிருந்து இறங்கி, தன் கொக்கியில் நூலைக் கவ்விக்கொண்டு மேலே வருகிறது. அந்தக் கண்ணிக்குள் மறுமுனையைக் கோத்து இரண்டு கையாலும் ஓர் இழுப்பு. அடுத்த குத்து. ஒவ்வொரு தையலும் தனித்தனிப் பூட்டு, ஒன்று அறுந்தாலும் மற்றது பிரியாது. ஏழு தையல்கள் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பது ரூபாய் கேட்டார். அந்தப் பெண் இருபது கொடுத்தார்.

இந்த ஊசியின் வேகம் நமக்குப் புதிதல்ல. புறநானூற்று 82-ஆம் பாட்டு, சோழன் ஆமூர் மல்லனோடு பொருத வேகத்தைச் சொல்ல வேறு உவமை தேடவில்லை. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதோ சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே கட்டிலுக்கு வார் பிணிக்கும் ஒருவனின் கை ஊசியைத்தான் சொல்கிறது. எவ்வளவு கூர்மையான கண்! ஆனால் அதே மூச்சில் அவனை ‘இழிசினன்’ என்றும் சொல்லிவிடுகிறது. கையைக் கொண்டாடிவிட்டு ஆளைத் தள்ளிவைக்கும் வித்தை நம்மிடம் அப்போதே இருந்திருக்கிறது.

அதனால்தான், “அந்தக் காலத்துச் செருப்புத் தைக்கும் தாத்தாக்கள் எங்கே போனார்கள்” என்று உருகும் பதிவுகளைப் படித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. திண்டுக்கல்லில் நான் சிறுவனாக இருந்தபோது, கடைவீதியில் செருப்புத் தைப்பவரிடம் என்னை அனுப்பும்போதெல்லாம் பாட்டி சொல்வாள்: “காசைக் கையில் கொடுக்காதே, சாக்கில் போடு.” போட்டேன், பல வருடங்கள். அவருக்கு என் தாத்தா வயது. நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னைத் ‘தம்பி’ என்றார். அந்தச் சாக்கின் மேல் நாணயம் விழும்போது சத்தமே வராது.

அப்படிப்பட்ட தொழிலை மகன் தொடரவில்லையே என்று நாம் வருந்துவது எந்த ஊர் நியாயம்? தமிழ்நாட்டில் தலைமுறைகளாகத் தோல் வேலை சுமத்தப்பட்ட அருந்ததியருக்கு 2009-இல் பட்டியல் சாதியினர் ஒதுக்கீட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது, 2024-இல் உச்ச நீதிமன்றமும் அத்தகைய உட்பிரிவு செல்லும் என்றது. ஒரு தலைமுறை அந்த மரத்தடியிலிருந்து எழுந்து போக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை போராட்டமும். எங்கள் பெரியவரின் மகன் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். “பெண் பார்க்கப் போகிற இடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள் சார், அவன் முகம் சுருங்கிப்போகிறது” என்று ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் இராணிப்பேட்டையிலிருந்தும் காலணிகள் கப்பலேறுகின்றன. கிண்டியில் அரசுப் பயிற்சி நிலையத்தில் காலணித் தொழில்நுட்பம் படிக்கலாம். நகரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் ஷூ துவைத்துத் தருகிறார்கள். என் அக்கா மகன் நானூற்றைம்பது ரூபாய் கொடுத்தான், பேரம் பேசத் தோன்றவே இல்லையாம். ஆக, செருப்பைத் தொடுவதில் இப்போது யாருக்கும் இழிவில்லை, ஏசி இருந்தால் சரி. வெயிலில் உட்கார்ந்து தொடுகிறவரிடம்தான் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம். கைவினை அழிகிறது என்று அழுகிறவர்கள் முதலில் அந்தப் பத்து ரூபாயைக் கொடுக்கலாம்.

2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், தெருவில் சேவை செய்கிறவர்களையும் வியாபாரிகளாகவே கருதுகிறது. சான்றிதழ் தர வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும். எங்கள் தெருவில் வடிகால் தோண்டியபோது அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாதம் எதிர்ச்சாரியில் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் ஒதுக்கவில்லை. இப்போது அவருக்குச் செருப்பைவிடப் பள்ளிக்கூடப் பைகளின் ஜிப்பும் குடைக்கம்பியும்தான் சோறு போடுகின்றன.

என் ஷூவை விட மனமில்லாமல் இன்னொரு முறை நீட்டினேன். புரட்டிப் பார்த்து, “மேல்தோல் நல்ல தோல். இந்தப் பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெரியமேட்டில் ரப்பர் அடி வாங்கி, ஒட்டிச் சுற்றிலும் தைத்துத் தருகிறேன். சனிக்கிழமை வாருங்கள்” என்றார். எவ்வளவு என்றேன். அடி, பஸ் டிக்கெட், கூலி எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது என்றார். முந்நூறாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன்.