ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தாழ்த்தலாமா? உண்மை விளக்கம்

'காரைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை கிரைண்டரில் வெட்டினால் கார் தாழும், வளைவில் பிடிமானம் கூடும், ஆர்டிஓ கேட்காது' என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கார் தாழும், அது மட்டும் சரி.

வெட்டிய ஸ்பிரிங் முன்னைவிட விறைப்பாகிவிடும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தான் பொருந்தி நிற்கும் இடத்திலிருந்து நழுவவும் கூடும். வீல் அலைன்மென்ட் மாறி டயர் ஒருபக்கமாகத் தேயும். அதைவிட ஆபத்து கழற்றுவதில்: ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் கருவியைப் போடாமல் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டின்) மேல் நட்டை அவிழ்த்தால், அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்து ஆளையே அடிக்கும். வீடியோவில் இதைக் காட்டவே மாட்டார்கள்!

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறும் மாற்றங்களைத் தடுக்கிறது. பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தியா கோட் அரசுத் தளத்தில் நீங்களே படித்துப் பார்க்கலாம். அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து ஃபார்வேர்ட் செய்யாதீர்கள்.