கருவியை வாங்கும் முன் பதிவேட்டைப் பாருங்கள்

செயற்கை நுண்ணறிவை எங்கே புகுத்தலாம் என்று சிறியதும் பெரியதுமாகப் பல நிறுவனங்கள் இன்று திட்டம் தீட்டுகின்றன. எந்த மாடல், யாரிடம் வாங்குவது, என்ன விலை என்ற கேள்விகளே அங்கெல்லாம் முந்திக்கொள்வது எனக்குக் கவலை தருகிறது. நம் தரவு இப்போது எந்த மென்பொருளில் இருக்கிறது, அந்த மென்பொருளே விரைவில் மாறப்போகிறதா என்பதல்லவா முதல் கேள்வியாக இருக்க வேண்டும்?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் அனுபவத்தை இதற்காகவே மீண்டும் மீண்டும் படிக்கச் சொல்வேன். தொலைக்காட்சி வினாடி வினாவில் 2011-இல் வென்று புகழ்பெற்ற ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் என்ற செயற்கை நுண்ணறிவுக் கணினி அமைப்பைக் கொண்டு, மருத்துவர்களுக்குச் சிகிச்சை ஆலோசனை வழங்கும் அமைப்பை உருவாக்க அம்மையம் முனைந்தது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 6.2 கோடி டாலர் செலவான பிறகு, நோயாளிகளின் அன்றாடச் சிகிச்சைக்கு வராமலே அத்திட்டம் நின்றுபோனது. அம்மையம் அங்கம் வகிக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பின் தணிக்கை அறிக்கை 2017-இல் வெளியானபோதுதான் விவரங்கள் பொதுவெளிக்கு வந்தன. வாட்சன் அமைப்பு மையத்தின் பழைய மருத்துவப் பதிவு மென்பொருளோடு இணைந்து செயல்படும்படி உருவாக்கப்பட்டிருந்தது. மையமோ 2016-இல் எபிக் என்ற வேறொரு பதிவு மென்பொருளுக்கு மாறிவிட்டது. புதிய பதிவுகளோடு வாட்சன் இணைக்கப்படவே இல்லை.

ஒரே நிறுவனம் எடுத்த இரண்டு பெரிய தொழில்நுட்ப முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனதே இதில் என்னை மிகவும் உறுத்துகிறது. அந்தத் தணிக்கை வாட்சனின் அறிவியல் அடிப்படையையோ செயல்திறனையோ மதிப்பிடவில்லை. கொள்முதலையும் நிர்வாக நடைமுறையையும்தான் ஆராய்ந்தது. கருவி எவ்வளவு சிறந்ததாக இருந்திருந்தாலும், நோயாளியின் இன்றைய பதிவு அதற்கு எட்டாதபோது அந்தச் சிறப்பால் மருத்துவருக்கு என்ன பயன்?

பொறுப்பு யாருடையது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், அதாவது கேள்விகளுக்குத் தானாகப் பதிலளிக்கும் மென்பொருள், பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கும் தனி அமைப்பு என்ற வாதத்தைக்கூட அந்நிறுவனம் முன்வைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, பயணிக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மிகச் சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன். இயந்திரம் தரும் விடையைச் சரிபார்க்கும் ஊழியர் யார், அதற்கு அவருடைய வேலைநேரத்தில் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது, அதை நிராகரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பவை திட்ட ஆவணத்தில் இடம்பெறாதவரை ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்திடக் கூடாது.

இந்த ஆண்டு புதிய கருவி எதையும் வாங்கவில்லை, துறைக்கொன்றாகச் சிதறிக் கிடந்த பதிவுகளை ஒழுங்குபடுத்துவதற்கே முழு ஆண்டையும் செலவிட்டோம் என்று ஒரு தொழில்நுட்பத் தலைவர் சொல்வாரானால், இயக்குநர் குழு அவரைப் பின்தங்கியவர் என்று எண்ணாமல் அடுத்த ஆண்டுக்கான நிதியையும் ஒதுக்கித் தர வேண்டும்.