கானிலம் வேறு, காணி நிலம் வேறு

'குடவோலை முறை – சிறுகுறிப்பு வரைக.' சோழர் காலத்தில் குடத்தில் ஓலைச் சீட்டுப் போட்டு ஊர் வாரியத்துக்கு (குழுவுக்கு) ஆள் எடுத்த முறை. கைடில் ஐந்து வரி விடை இருக்கிறது, பிள்ளைகள் அதை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் அந்தக் கல்வெட்டு, வடசொல் கலந்ததே என்றாலும், தமிழில்தான் இருக்கிறது. இன்றைய எழுத்தில் அடித்துக் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். அதைக் கையில் கொடுக்காமல், அதைப் பற்றி யாரோ சொன்னதை மனப்பாடம் செய்ய வைப்பது சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மெனு கார்டை ஒப்பிக்கச் சொல்வது மாதிரி.

முதலில் தயாரிப்பு. முழுக் கல்வெட்டையும் கொடுக்காதீர்கள், இரண்டாவது பத்தியிலேயே வகுப்பு தூங்கிவிடும். தகுதி சொல்லும் பகுதி மட்டும் போதும்: 'கானிலத்துக்கு மேல் இறைநிலம் உடையான், தன் மனையிலே அகமெடுத்துக் கொண்டிருப்பான், எழுபது பிராயத்துக்குக் கீழ் முப்பத்தைந்து பிராயத்துக்கு மேற்பட்டார்...' ஏ4 தாளில் 18 புள்ளி எழுத்து, வரிக்கு வரி இரட்டை இடைவெளி, இருவருக்கு ஒரு ஜெராக்ஸ். ஆளுக்கொன்று கொடுத்தால் யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். தலைப்பு, ஆண்டு, அரசன் பெயர் எதையும் அச்சிட வேண்டாம். 'சோழர் கால மக்களாட்சி' என்று மேலே போட்டுவிட்டால் விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பதாகிவிடும்.

முதல் பத்து நிமிடம் புரிகிற சொல்லுக்கு அடிக்கோடு, புரியாததற்கு வட்டம். பிராயம், மனை, அகம் எல்லாம் தானாக வந்துவிடும். மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். கல்வெட்டில் இந்தப் பகுதிக்குச் சற்று முன்பே வரும் 'குடும்பு' என்பதைப் பாதிப்பேர் குடும்பம் என்று படிப்பார்கள். அது ஊரின் பிரிவு, இன்றைய வார்டு மாதிரி, மொத்தம் 30. இன்னொன்று கானிலம். 'காணி நிலம்' என்று பாட்டில் கேட்டுப் பழகிய காது அப்படித்தான் படிக்கும். கால் + நிலம் = கானிலம், அதாவது கால் வேலி. தமிழாசிரியர் நடத்தும் புணர்ச்சி விதி சமூக அறிவியல் பீரியடில் சோறு போடுகிற இடம் இது. பிற்காலத் தஞ்சைக் கணக்கில் வேலி சுமார் 6.6 ஏக்கர் (சோழர் கால அளவுகோல் ஊருக்கு ஊர் மாறும்). அந்தக் கணக்கில் கால் வேலி என்பது ஒன்றரை ஏக்கருக்குக் குறையாது என்று தோராயமாகக் கரும்பலகையில் போட்டுவிட்டு, 'அது இல்லாதவர் என்ன செய்வார்?' என்று மட்டும் கேளுங்கள். அடுத்த வரியில் பதில் இருக்கிறது: அதில் பாதி போதும், ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்கவுரை) சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இது பிரமதேய ஊர் (பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்), பிராமணர் சபை என்பதை நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் தாளிலிருந்தே பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது பீரியட் குடத்துக்கு. ஒரு சொம்பில் முப்பது சீட்டைப் போட்டு ஒன்றை எடுப்பதோடு பல பள்ளிகளில் இந்தச் செயல்பாடு முடிந்துவிடுகிறது. அது பரிசுக் குலுக்கல், குடவோலை இல்லை. கல்வெட்டில் இருக்கிற வரிசையில் செய்ய வேண்டும். வகுப்பை ஆறு குடும்பாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குடும்பும் தன் பெயர்ச் சீட்டுகளைக் கட்டி, மேலே எந்தக் குடும்பு என்று எழுதிய வாயோலை வைக்க வேண்டும். ஆறு கட்டும் ஒரு குடத்தில். மூத்தவர் ஒருவர் எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிப் பிடிக்க, உள்ளே இருப்பது தெரியாத சிறுவன் (ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை அழைத்து வாருங்கள்) ஒரு கட்டை எடுப்பான். கட்டைப் பிரித்து இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஓலை. வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் படித்த பிறகு, அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) எல்லோரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் நிறுத்தி ஒரே கேள்வி: 'இந்த விதி இல்லாவிட்டால் எப்படி ஏமாற்றலாம்?' விரலை ஏன் விரிக்க வேண்டும் என்று கேட்டதும் கடைசி பெஞ்சிலிருந்துதான் முதல் பதில் வரும். பிட் ஒளிக்கத் தெரிந்தவனுக்கு இந்த வரி உடனே புரியும்.

கல்வெட்டுகள் இரண்டு, முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919, 921. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60, இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே ஆண்டில் விதியை ஏன் மாற்றினார்கள்? இரண்டு முறையும் அரசாணை வந்தது, அரசனின் அதிகாரி கூட உட்கார்ந்திருந்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. அப்படியானால் ஊர் தானே தன்னை ஆண்டது என்று எவ்வளவு தூரம் சொல்லலாம்? இதற்குக் கைடில் விடை கிடையாது. அதனால்தான் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அகநானூறு 77-ஆம் பாட்டில் கயிற்றால் கட்டிய குழிசியின் (பானையின்) பொறியை (முத்திரையை) உடைத்து ஓலை எடுக்கும் ஆவண மாக்கள் வருகிறார்கள். அதைச் 'சங்க காலத் தேர்தல்' என்று ஃபார்வேர்டு செய்கிறார்கள். பாட்டில் அது பிணத்தின் குடலை இழுக்கும் பருந்துக்குச் சொன்ன உவமை. ஓலை எடுத்தார்கள் என்பது வரை பாட்டு சொல்கிறது. தேர்தல் என்பது நாம் ஏற்றுவது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கேட்டால் அதுவே நல்ல ஒரு பீரியட்.

உள்ளூர்க் கோயிலுக்கு அழைத்துப் போவதாக இருந்தால், எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ தேய்க்க விடாதீர்கள், கல் கெட்டுவிடும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். நிழல் சுவரென்றால் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து போன் கேமராவில் எடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் எல்லா எழுத்தும் மறைந்துபோகும். படி எடுப்பது எப்படி என்று காட்ட ஐந்து ரூபாய் நாணயமும் மெல்லிய தாளும் பென்சிலும் போதும்.

வீட்டுப்பாடத்துக்கு என் சிபாரிசு, கணக்குக் காட்டாதவர் பற்றிய பகுதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் உறவினரும் குடவோலைக்குள் வரக்கூடாது. பட்டியல் நீளம்: சிற்றவை, பேரவை மக்கள், அத்தை, மாமன் மக்கள், மாமனார், மருமகன், உடப்பிறந்தாளை வேட்டான் (உடன்பிறந்தவளை மணந்தவன்) என்று போகிறது. சிற்றவை யார் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். சித்தி என்று தெரிந்ததும் மீதியைத் தாங்களே போட்டுவிடுவார்கள். மறுநாள் கரும்பலகையில் உறவு மரமாக வரையட்டும். வரைந்து முடித்ததும், அந்த மரத்தில் பெண்கள் எங்கெல்லாம் வருகிறார்கள், குடத்துக்குள் போன ஓலையில் எத்தனை பெண் பெயர் என்று எண்ணச் சொல்லுங்கள்.