பிள்ளைகள் ஃபிட்னஸ் வகுப்பில் எடை மெஷினுக்கு என்ன வேலை?

மகள் ஏழாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் சோபா, போன், மறுபடி சோபா. சரி, உடம்பு கொஞ்சம் அசையட்டும் என்று ஜூனில் வீட்டுக்குப் பக்கத்து ஜிம் ஒன்றில் மாலை ஐந்தரை மணிப் பிள்ளைகள் வகுப்பில் சேர்த்துவிட்டேன். மாதம் 1,500 ரூபாய், டீஷர்ட்டுக்குத் தனியாக. பொய் சொல்லக்கூடாது, முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. கரடி நடை, தவளை ஓட்டம், ஸ்கிப்பிங் என்று வியர்வையில் ஊறி வருவாள், ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுவாள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டேன். வாசலில் எடை மெஷின், பக்கத்தில் வெள்ளை போர்டு. அதில் எல்லாப் பிள்ளைகள் பெயரும் எழுதி, நேரே போன வார எடை, இந்த வார எடை. ஏறியிருந்தால் சிவப்பு மை, குறைந்திருந்தால் பச்சை. வரிசையில் நின்ற என் மகள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, கொலுசைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய் மெஷினில் ஏறினாள். அந்தக் கொலுசு என்ன கனம் இருக்கும்! அந்த வாரம் முழுக்க அவள் சாயங்கால இட்லியைத் தொடாத காரணம் அப்போதுதான் உறைத்தது. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவள், ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு குதித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோச்சிடம் கேட்டேன். "ஒரு மோட்டிவேஷன்தான் மேடம்" என்றார்.

பதினொன்று, பன்னிரண்டு வயது என்பது பெண்பிள்ளைகள் சரசரவென்று வளர்கிற வயது, பையன்களுக்கு அது இரண்டு வருடம் போல தள்ளி வரும். எலும்பு, தசை, கொழுப்பு எல்லாம் சேருகிற நேரத்தில் எடை ஏறத்தான் செய்யும், ஏறாமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. எண்ணைக் கூடப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கணக்கில் பார்ப்பதில்லை, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து வளர்ச்சி அட்டையில் பார்ப்பார்கள். அதைக் குழந்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார், போர்டு வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை சொல்வது இதுதான்: தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற மாதிரி ஓடியாட வேண்டும், வாரத்தில் 3 நாளாவது எலும்பும் தசையும் பலமாகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். இதில் கேட்பது நிமிடக் கணக்கு, கிலோ கணக்கு இல்லை. அதே நிறுவனம் 2016 தரவுகளை வைத்துப் பார்த்தபோது, உலகம் முழுக்க 11 முதல் 17 வயதில் இந்த அளவை எட்டாதவர்கள் பையன்களில் 78 சதவீதம், பெண்பிள்ளைகளில் 85 சதவீதம். நம் ஊரில் பெரியவளானதும் "இனிமேல் என்ன ஓட்டம்" என்று நாமே பாதிப் பேரைக் கூட்டி வந்துவிடுகிறோம். மிச்சம் இருக்கிறவளையும் சிவப்பு மையால் விரட்ட வேண்டுமா?

பள்ளியிலேயே பி.டி. பீரியட் ஒழுங்காக நடந்தால் பாதி வகுப்புக்குத் தேவையே இருக்காது, அதைத்தான் கணக்கு டீச்சர் கடன் வாங்கிவிடுகிறாரே. திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

இன்னொன்று, வெயிட் தூக்கினால் பிள்ளை குள்ளமாகிவிடும் என்று பயப்படுகிற அம்மாக்கள் இருக்கிறீர்கள். சரியாகச் சொல்லித் தர ஆள் பக்கத்தில் நின்று, வயதுக்குத் தகுந்த அளவில் செய்தால் அப்படி ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது பன்னிரண்டு வயதுக்குப் புரோட்டீன் பவுடர் டப்பா விற்கிறவர்களைப் பார்த்து. பருப்பு, முட்டை, சுண்டல் எல்லாம் என்ன பாவம் செய்தன?

ஜூலையோடு நிறுத்திவிட்டு, பூங்காவில் நடக்கிற சிலம்ப வகுப்பில் சேர்த்தேன். முதலில் காலடிதான், கம்பு கைக்கு வரவே நாளானது. காலும் தொடையும் வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே மறுநாள் முதல் ஆளாகப் போய் நிற்கிறாள், போகும்போதே இரண்டு இட்லி உள்ளே போய்விடுகிறது. கொலுசை மட்டும் இப்போதும் கழற்றி என்னிடம்தான் கொடுக்கிறாள். கீழே வீசும்போது கம்பு பட்டு அறுந்துவிடுமாம், மாஸ்டர் சொன்னாராம்.