முதலில் அந்தப் பூட்டைக் கழற்றுங்கள்

பிரித்தானியாவில் பெரிய விளையாட்டரங்குகளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியது சரி, ஆனால் அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். 1971இல் கிளாஸ்கோவின் ஐபுரொக்ஸ் கால்பந்து அரங்கப் படிக்கட்டில் நெரிபட்டு 66 பேர் இறந்த பிறகுதான் 1975ஆம் ஆண்டு அந்தச் சட்டமே வந்தது. அப்பவும் கீழ்ப் பிரிவுக் கால்பந்து அணிகளின் அரங்குகளை விட்டுவிட்டார்கள். அப்படி விடுபட்ட ஒன்றான இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் அரங்கில் 1985இல் மரத்தாலான பார்வையாளர் பகுதி எரிந்து 56 பேர் இறந்துபோனார்கள். பலகைக்குக் கீழே வருடக்கணக்காகச் சேர்ந்த குப்பையில்தான் தீப் பிடித்தது, பின்பக்கம் ஓடியவர்களுக்கு வாசல்கள் பூட்டிக் கிடந்தன.

இங்கே மட்டக்களப்பில் நான் மகளோடு போன ஒரு இறுதிப் போட்டியிலும் பின் கேற்றில் சங்கிலி போட்டு ஆமைப்பூட்டு. திடீரென்று மழை கொட்ட, அவ்வளவு சனமும் ஒரே கேற்றுக்கு ஓடியது, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் மதிலோடு ஒட்டி நின்றேன், திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. உள்ளே எத்தனை பேர் என்று எண்ணியவரும் இல்லை. சான்றிதழின் உயிரே அந்த எண்ணிக்கைதானே: வாசல்கள் வழியாகக் குறித்த நேரத்துக்குள் (பிரித்தானியாவில் அதிகபட்சம் 8 நிமிடம்) எத்தனை பேர் வெளியேறலாம் என்று பார்த்துத்தான் எத்தனை பேரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கிறார்கள். இங்கே போட்டி நடத்துகிறவர்கள் டிக்கெட் அடிக்கும் முன் அந்தக் கணக்கைப் போடட்டும்.