தன்னிரக்கமும் பெருமைதான்

தலைக்கனம் பிடித்தவரைச் சபையில் சீக்கிரமே அடையாளம் கண்டுவிடுகிறோம். ஆனால் "நான் எதற்கும் லாயக்கில்லை, என்னை யார் மதிக்கிறார்கள்" என்று ஓயாமல் புலம்புகிறவரைத் தாழ்மையுள்ளவர் என்று நினைத்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு பேருக்குமே நாள் முழுக்கத் தன் நினைப்புத்தான்.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் தீர்க்கதரிசி எலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து தேவனுடைய அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்டவர், ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல" என்கிறார். கேட்பதற்குத் தாழ்மையாகத்தான் இருக்கிறது. ஓரேப் மலைக்குப் போனதும், "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று தேவன் கேட்க, உள்ளே இருப்பது வெளியே வருகிறது: "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்." ஆனால் நூறு தீர்க்கதரிசிகளை யேசபேலுக்குத் தெரியாமல் கெபிகளில் (குகைகளில்) ஒளித்துவைத்துச் சாப்பாடு கொடுத்ததை, அரண்மனை அதிகாரி ஒபதியா முந்தின அதிகாரத்தில்தான் அவரிடம் நேரிலேயே சொல்லியிருந்தார்! பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் ஆனபிறகு தேவன் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்கிறார். எலியா ஒரு வார்த்தை மாறாமல் அதே பதிலை ஒப்பிக்கிறார். தன்னிரக்கம் ஒருவருக்குள் குடியேறிவிட்டால் தேவன் எதிரே வந்து நின்றாலும் பழைய பாட்டுத்தான்.

தேவன் அவரைத் திட்டவில்லை. முதலில் தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். அதனால் துக்கத்தில் இருப்பவரிடம் போய், "இது பெருமை" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அழுகை வேறு, இது வேறு. எலியாவுக்கும் தேறின பிறகுதான் வேலை வந்தது: உன் ஸ்தானத்தில் எலிசாவை அபிஷேகம்பண்ணு. அதோடு, பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இஸ்ரவேலில் இருக்கிறார்கள் என்ற செய்தியும். நீ தனி ஆள் இல்லை, உன்னோடு எதுவும் முடிந்துபோகவும் இல்லை. காயப்பட்ட பெருமைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

பண்டிகை நன்றியுரையில் ஒருவர் பெயர் விட்டுப்போகிறது. "பரவாயில்லை, கர்த்தர் பார்க்கிறார்" என்று சிரிக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து பாடகர் குழுவுக்கு வருவதில்லை. கேட்டால் உடம்பு சரியில்லை என்பார். இயேசு சொன்ன உவமையில், சொத்தை அழித்துவிட்டு கெட்ட குமாரன் திரும்பி வந்த அன்று வீட்டுக்குள் போக மனமில்லாமல் வெளியே நின்ற மூத்த அண்ணனும் இதே ரகம்தான். இத்தனை வருஷம் உழைத்தேனே, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது உண்டா என்று கணக்குக் கேட்டவர்.

சரி, உண்மையான தாழ்மை எப்படி இருக்கும்? யோவான் 13-ஐ நிதானமாகப் படியுங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று இயேசு அறிந்திருந்தார். அப்படி அறிந்தவராகத்தான் எழுந்து, சீஷர்களின் கால்களைக் கழுவச் சீலையை அரையில் கட்டினார். தன்னை மட்டம்தட்டிக்கொள்ளும் ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. தாம் யார் என்பது தெரிந்திருந்ததால், அதை யாருக்கும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாமல், அவர் கவனமெல்லாம் அவர்கள் கால்களில் இருந்தது. வேண்டாம் என்று தடுத்தது சீஷரான பேதுருதான். பார்வைக்குப் பணிவு, ஆனால் இயேசு அதை ஏற்கவில்லை. பெற்றுக்கொள்ளவும் தாழ்மை வேண்டும்.

உங்கள் பாட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது என்று ஒருவர் வந்து சொன்னால், "ஐயோ, நான் ஒன்றுமே இல்லை" என்று அவரை இன்னும் இரண்டு தடவை புகழவைக்க வேண்டாம். "ரொம்ப சந்தோஷம்" என்று வாங்கிக்கொள்ளலாம். அப்புறம், அவருக்கு ஏன் ஆறுதல் தேவைப்பட்டது என்று விசாரிக்கலாம்.