பான்கர் கோட்டைப் பலகையில் பேய் இல்லை

ராஜஸ்தானின் பான்கர் கோட்டையில் பேய் உலவுவதாகத் இந்தியத் தொல்லியல் துறையே பலகை வைத்து, இரவு நுழைவதைத் தடை செய்திருப்பதாக, 'அரசே அறிவித்தது' என்ற வரியோடு ஒரு பதிவைப் பகிர்ந்திருக்கிறீர்கள். தடை உண்மைதான், ஆனால் பலகையில் பேய் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

வாசலில் உள்ள இந்திப் பலகையின் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள்: சூரிய உதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் நுழையக் கூடாது, மாடு மேய்ப்பவர்கள், விறகு வெட்டுபவர்கள் மீது சட்ட நடவடிக்கை, தாழை மரங்கள் துறையின் சொத்து. பேயைவிடத் தாழம்பூவுக்குத்தான் அங்கே கவலை!

இந்த நேரக்கட்டுப்பாடு பான்கருக்கென்று போட்டதும் அல்ல. தனி நேரம் குறிக்கப்படாத பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் திறந்திருக்கும் என்பது பழமையான சின்னங்களுக்கான 1959-ம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அதே துறையின் கீழுள்ள நம் செஞ்சிக் கோட்டையிலும் இருட்டிய பிறகு உள்ளே விடமாட்டார்கள். பான்கரோ சரிஸ்கா புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம்.

இந்தக் கோட்டையைப் பற்றி வழங்கும் மந்திரவாதி, இளவரசி ரத்னாவதி கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கும் பிடிக்கும். 'அரசே அறிவித்தது' என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்களேன்.